விரல் பாரம்

மட்டாஞ்சேரியில் கைவண்டிக்குப் பாரம் ஏற்றுகிறவர்களிடம் அந்தக் காலத்தில் ஒரு பழக்கம் இருந்தது. மூட்டைகளை அடுக்கிக் கயிறு போட்டு முடித்ததும், வண்டியின் முன்கட்டைக்கு அடியில் ஆட்காட்டி விரலை வைத்துத் தூக்கிப் பார்ப்பார்கள். எட்டு மூட்டைச் சுக்கு இருந்தாலும் கட்டை அந்த ஒற்றை விரலுக்கு எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் முன்பக்கம் கனம் என்று அர்த்தம், இழுக்கிறவனின் தோள் போய்விடும். விரல் படும் முன்பே கட்டை மேலே போனால் பின்பக்கம் கனம், பாலத்து ஏற்றத்தில் ஆளையே தூக்கிவிடும். இரண்டும் இல்லாமல், அச்சின் மேல் பாரம் தூங்குகிற மாதிரி இருக்க வேண்டும். இதற்கு விரல் பார்ப்பது என்று பேர். பஜார் தெருவில் விரல் பார்ப்பதில் என் அத்தானை மிஞ்ச ஆள் இல்லை.

அத்தான் என் அக்காவின் புருஷன். பதின்மூன்று வயதிலிருந்து கைவண்டி இழுத்தவர். நான் அவர்கள் வீட்டிலேயே வளர்ந்தேன். எங்கள் ஆட்கள் வெகுகாலம் முன்பே பாலக்காட்டுப் பக்கமிருந்து கொச்சிக்கு வந்துவிட்டவர்கள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். ஆறாம் வகுப்போடு நான் பள்ளியை விட்டேன். கணக்கு வாத்தியார் கேள்வி கேட்பாரே என்ற பயத்தில் ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் வந்ததாகவும், அது இன்னும் இறங்கவில்லை என்றும் அக்கா கேலி செய்வாள். பொய் இல்லை. எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். படகு கவிழும், பாலம் விழும், பூட்டின கதவு திறந்திருக்கும். கொச்சங்காடியில் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, வேலை கற்றுக்கொண்டு, அறுபதுகளின் நடுவில் ஒரு மிளகு வியாபாரியின் பாண்டிகசாலையில், அதாவது சரக்குக் கிடங்கில், லாரிகளையும் ஜீப்பையும் பார்த்துக்கொள்கிற மெக்கானிக்காக இருந்தேன். அத்தான் இழுத்ததும் அதே பாண்டிகசாலையின் சரக்குதான்.

அந்த வியாபாரியின் இளைய மகனைச் சின்ன முதலாளி என்போம். அவரிடம் சிவப்பு நிறத்தில், மேல்கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு கார் இருந்தது. சரக்குக்கும் ஆகாது, குடும்பத்துக்கும் ஆகாது. ஓட்டத்துக்கு மட்டும். மெட்ராஸுக்கு வெளியே யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுபாதையில் வருஷத்துக்கொரு முறை இப்படிப்பட்ட வண்டிகளைக் கொண்டுபோய் ஓடவிடுவார்கள் என்று எங்கிருந்தோ கேட்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கே ஓட வேறு டயர்கள் வேண்டும், மாற்றுச் சாமான்கள் வேண்டும், பெட்ரோல் தகரங்கள் வேண்டும். இதையெல்லாம் யார் சுமப்பது? பெரிய முதலாளியிடம் லாரி கேட்டுப் பார்த்தார். நான் அப்போது ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தேன்.

"மிளகு கேற்றுற லாரி உன் களிப்பாட்டம் சுமக்கவா?" என்று கேட்டுவிட்டுப் பெரியவர் போய்விட்டார். விளையாட்டுச் சாமான் என்றுதான் அவர் அந்தக் காரைச் சொல்வார்.

சின்ன முதலாளி குனிந்து என் காலைத் தட்டினார். "எடா, ஒரு டிரெய்லர் உண்டாக்கு. என் காரே இழுத்துக்கிட்டுப் போகும்."

உண்டாக்கினேன். பழைய ஜீப்பின் அச்சு, தேக்குச் சட்டம், பெட்டிப் பலகைகள், இரண்டு சக்கரம். ஆள் நீளத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். காரின் பின்சட்டத்தில் ஒரு கொக்கி பொருத்தி, அதை நாலு போல்ட் போட்டு இறுக்கினேன். அந்த நாலு போல்ட்டும் ஒரு வாரம் என் உயிரை எடுத்தன. பாதி வழியில் ஒன்று அறுந்தால் மீதி மூன்றும் தாங்குமா? சோற்றில் கை வைத்த நேரத்தில் எழுந்து போய் ஸ்பேனரைப் போட்டுப் பார்த்துவிட்டு வருவேன். சொல்லிவிடுகிறேன், அந்தப் போல்ட்டுகளுக்குக் கடைசிவரை ஒன்றும் ஆகவில்லை.

பாரம் ஏற்றியது அத்தான். வேறு யாரை விட முடியும்? டயர்களைக் கீழே, தகரங்களை இரண்டு ஓரமும், கருவிப்பெட்டியை முன்னால், அதற்கு எதிர்ப்பாரமாகப் பின்னால் கியர் பெட்டி. தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு டிரெய்லரின் மூக்குக்கடியில், கொக்கியில் மாட்டுகிற முனைக்கடியில், விரலை வைத்தார். மூக்கு பூப்போல எழும்பியது. சுற்றி நின்ற சுமட்டுக்காரர்கள் கைதட்டினார்கள்.

"கண்டியா? ஒரு பச்சைப்பிள்ளைகூட இதை இழுத்துக்கிட்டு ஆலுவா வரைக்கும் போகும்" என்றார் அத்தான்.

நானும் என் விரலை வைத்துத் தூக்கினேன். எனக்கும் எழும்பியது. அந்த ஒரு வாரத்தில் எனக்கு நிம்மதி தந்தது அது ஒன்றுதான்.

அத்தானும் எங்களோடு வருவதென்று முடிவானது அதன் பிறகு. அங்கே காரைத் தூக்கி டயர் மாற்ற ஒரு பலசாலி வேண்டும் என்றார் சின்ன முதலாளி. அத்தானுக்கோ வேறொரு ஆசை. "வண்டின்னா நான் பாத்ததெல்லாம் பாரத்தோடதான். பாரமே இல்லாம ஒரு வண்டி எப்படி ஓடும்னு ஒரு தடவை பாக்கணும்டா."

அக்காவுக்கு இதில் இஷ்டமில்லை. மூன்று பிள்ளைகள், அத்தானின் தோள் ஒன்றுதான் அந்த வீட்டுக்கு அடுப்பு. கிளம்புகிற அன்று விடியற்காலை குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"காரு கவுந்தா சின்ன முதலாளி வேற காரு வாங்கிக்குவாரு. எனக்கு இந்த ஆளை விட்டா வேற கிடையாது. போன மாதிரியே திருப்பிக் கொண்டாந்து விடு. அவ்வளவுதான் கேக்குறேன்."

"நான் பாத்துக்கறேன்க்கா."

"நீ பயந்தாங்கொள்ளி. அதனாலதான் உன்கூட அனுப்புறேன்."

வாழ்க்கையில் என் பயத்தை ஒருவர் நம்பிக் காரியம் ஒப்படைத்தது அந்த ஒரே தடவைதான்.

காரில் சின்ன முதலாளியும் நானும். இன்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டே வர வேண்டியவன் என்பதால் எனக்கு அவர் பக்கத்துச் சீட்டு. அத்தானுக்கு டிரெய்லர். முன்பக்கமாகக் கருவிப்பெட்டியின் மேல் சாக்கு மடித்துப் போட்டு, தலையில் துவர்த்துத் துண்டு கட்டி, எங்கள் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்தார். எதிரே பஸ் வந்தால் மந்திரி மாதிரி கையசைப்பார். நான் கழுத்தைத் திருப்பித் திருப்பி அவரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். திருச்சூர் தாண்டுவதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது.

திருச்சூருக்கு முன்னால் நல்ல ரோட்டில் ஓரிடத்தில் சின்ன முதலாளி கொஞ்சம் விரட்டினார். அப்போது என் முதுகில் ஏதோ தட்டியது போல இருந்தது. இடது, வலது, இடது. யாரோ பின்னாலிருந்து காரின் இடுப்பைப் பிடித்து மெல்ல ஆட்டுகிற மாதிரி. வேகம் குறைந்ததும் நின்றுவிட்டது.

"நிறுத்துங்க முதலாளி, ஏதோ ஆடுது."

நிறுத்தினார். இறங்கிப் படுத்துப் பார்த்தேன். போல்ட்டுகள் கல் மாதிரி. சக்கரத்தில் காற்று சரி. அத்தான் மேலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடா, பாம்பு புகுந்திருச்சா?" என்றார்.

"பேடித்தொண்டன்" என்றார் சின்ன முதலாளி, மலையாளத்தில் பயந்தாங்கொள்ளியை அப்படித்தான் சொல்வது. "உனக்கு ஆடுறது வண்டியில்ல, தொடை."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆயிரம் தடவை பயந்து ஒன்றுமே நடக்காமல் போனவன், ஆயிரத்தொன்றாவது தடவை எப்படி வற்புறுத்துவான்? என் பயத்தை நானே நம்புவதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது.

குதிரான் மலை ஏற்றத்தில் நடக்கிற வேகம்தான். அங்கே தொந்தரவு இல்லை. ஆனால் அந்த நேரமெல்லாம் என் புத்தி வேறொரு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அத்தான் முன்னால் இருக்கிறார். கார் சட்டென்று பிரேக் போட்டால் முன்னால் விழுவார். விழுந்தால் காருக்கும் டிரெய்லருக்கும் நடுவே விழுவார். கொக்கி அறுந்தால் டிரெய்லரின் மூக்கு மண்ணில் குத்தும், அப்போதும் முன்னால் இருப்பவனுக்குத்தான் ஆபத்து. பின்னால் இருந்தால்? பின்பலகையைத் தாண்டி ஒரே குதி, தப்பித்துக்கொள்ளலாம். இதை எனக்குள் நூறு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் முன்னால் இருந்த அத்தான் செத்தார், பின்னால் இருந்தவர் பிழைத்தார்.

பாலக்காட்டில் சாயா குடிக்க நிறுத்தியபோது மத்தியானம். தம்ளரைக் கீழே வைத்த கையோடு சொன்னேன். "அத்தான், இனிமே நீங்க பின்னால உக்காருங்க."

"ஏன்? இங்க சுகமாத்தானே இருக்கு. உங்க ரெண்டு பேரு சண்டையும் கேக்குது."

"புகையெல்லாம் மூஞ்சியில அடிக்குது. பின்னாலன்னா காத்து வரும்."

"வெறுதே சொல்லாதே. உனக்கு ஏதோ பயம்."

"பயம்தான். அக்காகிட்ட நான் சொல்லிட்டு வந்திருக்கேன். எனக்காக உக்காருங்க."

அவர் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். உட்கார வசதியாக இருக்கட்டும் என்று கருவிப்பெட்டியையும் நானே பின்னால் தள்ளினேன். இரண்டு பேர் தூக்குகிற பெட்டி. தள்ளும்போது அவரும் ஒரு கை கொடுத்தார். கியர் பெட்டிக்கு மேலே அதை ஏற்றி, சாக்கை மடித்துப் போட்டு, தட்டிச் சமன்செய்தும் கொடுத்தேன். அதன்பின் விரல் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பார்த்திருந்தால் கொக்கி மட்டும்தான் மூக்கைப் பிடித்துக் கீழே வைத்திருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

பாலக்காட்டைத் தாண்டி வாளையார் போகிற ரோடு நேரானது. பனைமரங்கள். தை மாதத்தில் அந்தக் கணவாய் வழியே வருகிற காற்று லேசானது அல்ல. சாயங்காலத்துக்குள் கோயம்புத்தூர் தாண்டிவிட வேண்டும், மறுநாள் மத்தியானம் வண்டிகளைப் பரிசோதிக்கும்போது மெட்ராஸில் இருக்க வேண்டும் என்று சின்ன முதலாளி காலை அமுக்கினார். நான் திரும்பிப் பார்த்தேன். அத்தான் தூரமாகத் தெரிந்தார். துவர்த்து படபடத்தது. கையைத் தூக்கிக் காட்டினார். அப்பாடா என்று நேராக உட்கார்ந்தேன்.

கழுத்தைத் திருப்பாமல் வந்த முதல் ஐந்து நிமிஷம் அது.

முதுகில் அதே தட்டல். இடது, வலது. ஆனால் இந்தத் தடவை அது நிற்கவில்லை. ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிதாக வந்தது. காரின் பின்பக்கம் ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் போய்வர ஆரம்பித்தது. "பிடிங்க! பிடிங்க!" என்று கத்தினேன், யாரிடம் என்று எனக்கே தெரியாது. சின்ன முதலாளி பிரேக்கை மிதித்தார். அவ்வளவுதான். டிரெய்லர் பக்கவாட்டில் வந்து, காரையும் சுற்றிவிட்டு, தான் கவிழ்ந்தது. கார் வந்த திசையைப் பார்த்துத் திரும்பி நின்றபோது தகரங்கள் இன்னும் ரோட்டில் உருண்டுகொண்டிருந்தன.

அத்தான் குதித்தாரா, எறியப்பட்டாரா என்று இன்றுவரை தெரியாது. ரோட்டோரத்துப் பனங்கட்டை ஒன்றின் மேல் இடுப்பு மோதிக் கிடந்தார். நினைவு இருந்தது. "டயரைப் பாரு, டயரு போகுது" என்றார் என்னிடம். ஒரு காலை மட்டும் அசைத்தார்.

பொள்ளாச்சிப் பக்கத்து லாரி ஒன்று நின்றது. அத்தானைத் தூக்கிச் சாக்குகளின் மேல் படுக்கவைத்தோம். ரோட்டை மறித்துக் கிடந்த டிரெய்லரை நிமிர்த்த அந்த லாரிக்காரரும் ஒரு கை கொடுத்தார். உள்ளே இன்னும் கயிற்றோடு தொங்கிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு கொக்கியைப் பார்த்தார்.

"இவ்வளவு பாரத்தையும் பின்னாடி வெச்சா இழுத்துட்டு வந்தீங்க?"

"முதல்ல சமமாத்தான் இருந்துச்சுங்க. விரல்ல தூக்குற மாதிரி."

"அது மனுசன் இழுக்குற வண்டிக்கு. மோட்டாருக்குப் பின்னாடி கட்டுறதுக்கு மூக்குல கனம் வேணுமுங்க, கொக்கியை அமுக்கிட்டு இருக்கோணும். வாலு கனத்தா வேகத்துல ஆட்டியே தீரும். அந்த ஆளு முன்னாடி உக்காந்திருந்தாக்கூடக் கொஞ்சம் தாங்கியிருக்கும்."

சின்ன முதலாளி அப்போது தூரத்தில், நசுங்கின காரின் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைக் கேட்டவன் நான் மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். "காற்று. பயங்கரக் காற்று" என்றார் சின்ன முதலாளி. என்னைப் பார்த்தார்கள். ஆமாம், காற்று என்றேன். மூன்று வாரம் கழித்து அத்தானை லாரியில் கொண்டுவந்து இறக்கியபோது வாசலில் நின்ற அக்கா, "எப்படிடா?" என்று மட்டும் கேட்டாள். "காத்துக்கா" என்றேன். அவள் திட்டவில்லை. போன மாதிரியே என்று அவள் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்ததா என்று தெரியாது. எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் அதைச் சொல்லிக்காட்டவில்லையோ என்னவோ.

இடுப்பு எலும்பு கூடியது, ஒரு கால் குட்டையாகிவிட்டது. ஊன்றி நடக்கலாம், இழுக்க முடியாது. கைவண்டி வேறொருவர் கைக்குப் போனது. அக்கா சுக்கு சுத்தம் செய்கிற இடத்தில் கூலிக்கு உட்கார்ந்தாள். மாலையில் அவள் கையிலும் சேலையிலும் வெள்ளையாக, சுக்கில் பூசுகிற சுண்ணாம்புத்தூள் இருக்கும், இருமல் இருக்கும். அத்தானுக்குப் பாண்டிகசாலை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டுக் காவல் வேலை கொடுத்தார்கள். சின்ன முதலாளியின் காரைப் பெரியவர் யாருக்கோ தள்ளிவிட்டார். டிரெய்லர் மட்டும் கூடத்தின் மூலையில் நின்றது. அதைக் கடக்கும்போதெல்லாம் நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்த அத்தான் பேச்சை விடவில்லை. வெளியே போகிற கைவண்டி ஒவ்வொன்றும் அவர் முன்னால் ஒரு நிமிஷம் நிற்கும். உட்கார்ந்த இடத்திலிருந்தே விரலை நீட்டி முன்கட்டையைத் தூக்கிப் பார்ப்பார். "ஒரு மூட்டை பின்னால தள்ளு" என்பார், அல்லது "போ, பறந்துக்கோ" என்பார். இளவட்டங்கள் வேண்டுமென்றே கோணலாக ஏற்றிக் கொண்டுவந்து, "அண்ணாச்சி விரலு துருப்பிடிச்சாச்சோ?" என்று சீண்டுவார்கள். "என் விரலு துருப்பிடிச்சாலும் உன் தலையைவிட மினுங்கும்டா" என்பார். அந்த விரல் ஒன்றுதான் அவரிடம் பழையபடி இருந்தது.

இரண்டு வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று பயம், சொல்லாவிட்டால் யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். பொள்ளாச்சிப் பக்கத்து லாரி எதுவாவது பஜாருக்குள் வந்தால் நான் ஏதாவதொரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன்.

பிறகு ஒரு நாள் லாரி இரண்டும் வேலைக்குப் போயிருந்த சமயம், இடக்கொச்சிக்கு அவசரமாகக் கொஞ்சம் இஞ்சி மூட்டை அனுப்ப வேண்டியிருந்தது. "அந்த டிரெய்லரை ஜீப்பில் கெட்டு" என்றார் பெரிய முதலாளி. என்ன செய்ய? மூலையிலிருந்து இழுத்தேன். துடைத்து, கிரீஸ் போட்டு, மூட்டைகளை நானே ஏற்றினேன். கனத்தையெல்லாம் அச்சுக்கு முன்னால் வைத்தேன். ஏற்றி முடித்ததும் ஜீப்பின் பின்பக்கம் கொஞ்சம் தணிந்து நின்றது. வேறு மாதிரி வைக்க என் கை வரவில்லை.

வாசலில் அத்தான் ஸ்டூலோடு நகர்ந்து வழியில் உட்கார்ந்திருந்தார். அந்த டிரெய்லர் மறுபடி வெளியே போவதைப் பார்க்கிறார் அல்லவா, முகம் ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் கையைக் காட்டினார்.

"நிறுத்து. கொக்கியைக் கழட்டு. விரல் பாக்காம இது வெளிய போகாது."

"வேண்டாம் அத்தான், நேரமாச்சு."

"கழட்டுடா."

கழற்றினேன். மூக்கைத் தாங்குகட்டையில் இறக்கி வைத்தேன். அவர் குனிந்து விரலை வைத்தார். அசையவில்லை. இரண்டாவது விரலையும் வைத்தார். நரம்பு புடைத்தது.

"யாருடா ஏத்துனது? மூக்கு குத்திக்கிட்டு நிக்குது."

"நான்தான்."

"இவ்வளவு வருஷம் என்கூட இருந்து இதுவா கத்துக்கிட்டே? மூணு மூட்டையைப் பின்னால போடு."

"இல்ல அத்தான். மோட்டாருக்குப் பின்னால கட்டுறதுக்கு இப்படித்தான். முன்னால கனம் வேணும். பின்னால கனத்தா ஆடும்."

அவர் விரலை எடுக்கவில்லை. குனிந்தபடியே இருந்தார். தெருவில் ஒரு கைவண்டி வந்து, எங்களுக்குப் பின்னால் தன் முறைக்காக நின்றது.

"யாரு சொன்னா?"

"ஒரு லாரிக்காரரு."

"எப்போ?"

பொய் சொல்லியிருக்கலாம். போன மாசம் என்றோ, நேற்று என்றோ. நாக்கு வரை வந்தது.

"அன்னிக்கே. உங்களைச் சாக்கு மேல படுக்க வெச்சிருந்தப்ப."

அவர் டிரெய்லரின் பின்பலகையைப் பார்த்தார். பிறகு முன்பக்கத்தைப் பார்த்தார். பாலக்காட்டுச் சாயாக்கடையில் தம்ளரைக் கவிழ்த்து வைத்தாரே, அதே நிதானத்தில்தான் கேட்டார்.

"அப்போ நான் முன்னாலயே இருந்திருக்கலாம்."

"ஆமா அத்தான்."

விரலை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். கிரீஸ் கறை பட்டது. ஸ்டூலைக் கையால் இழுத்துச் சுவரோரம் ஒதுங்கினார்.

"மாட்டிக்கிட்டுப் போ. இடக்கொச்சிக்காரன் காத்துக்கிட்டு இருப்பான்."

நான் கொக்கியை மாட்டினேன். அதன் ஊசியைச் செருகி, ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். ஜீப்பில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்தேன். காத்திருந்த கைவண்டிக்காரன் முன்னால் வந்து, முன்கட்டையை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீயே பாத்துக்கோ" என்றார் அத்தான், அவன் முகத்தைப் பார்க்காமல்.